பிக்அப்புக்கு கோல்ட் ஏர் இன்டேக் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏர்கான் வேலைக்காக ஒன்பது வருஷமாக டீசல் பிக்அப் ஓட்டுகிறேன், இப்போது கையில் இருப்பது 2.4 லிட்டர் ஹைலக்ஸ். நடுவில் ஆசைப்பட்டு ஒரு இன்டேக் கிட் வாங்கிப் போட்டு, எட்டு மாதம் ஓட்டி, கழற்றியும் வைத்துவிட்டேன். அது தெரிந்த நாளிலிருந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தால் யாராவது வந்து இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கோல்ட் ஏர் இன்டேக் என்பது என்ன, வெறும் ஃபில்டர்தானே?

இல்லை. இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை இழுத்துத் தரும் என்று சொல்லி விற்கும் பொருள் இது. ஃபில்டர், அது உட்காரும் பெட்டி அல்லது தடுப்பு, அங்கிருந்து டர்போவுக்கோ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) திராட்டிலுக்கோ (காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) போகும் குழாய், இவை மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் கிட். பழைய பெட்டிக்குள்ளேயே வேறு ஃபில்டரைப் போடுவது டிராப்-இன், அது வேறு கதை, பெரிய வில்லங்கம் இல்லாத கதை. பெட்டியே இல்லாமல் குழாய் நுனியில் கூம்பு மாதிரி ஃபில்டரை மாட்டி போனட்டுக்குள் அப்படியே விடுகிறார்களே, அதற்கும் கோல்ட் ஏர் என்றுதான் பெயர் வைத்து விற்கிறார்கள். அது இழுப்பது இன்ஜின் சூட்டை. பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி.

அப்படியானால் கம்பெனி கொடுத்த பெட்டி எங்கிருந்து காற்றை இழுக்கிறது?

போனட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூக்கு கிளம்பி மட்கார்டு பக்கமோ ரேடியேட்டருக்கு மேலேயோ போய் முடியும். இன்ஜின் சூடு படாத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். ஆக, இன்றைக்கு விற்கிற பெரும்பாலான பிக்அப்களில் கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கெனவே இருக்கிறது, கறுப்பு பிளாஸ்டிக்கில், பார்க்க அசிங்கமாக. நாம் காசு கொடுத்து வாங்குவது பளபளப்பையும் சத்தத்தையும் கொஞ்சம் பெரிய குழாயையும்தான்.

இன்னொன்று, வெளியே இருக்கிற காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்தக் கிட்டும் தராது. சிங்கப்பூரில் மதியம் 32 டிகிரி என்றால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகக் குளிர்ந்த காற்றே 32தான். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை இருக்கும், 32 டிகிரியில் சுமார் 1.16 கிலோ. அதுபோக ஈரம். 32 டிகிரியில் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் நாம் இழுக்கிற காற்றில் 3 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீராவி, அந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. வண்டி ராத்திரியில் நன்றாக இழுக்கிறது, மதியம் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை இன்டேக் வாங்கித் தீர்க்க முடியாது, ஊரை மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் 10, 15 குதிரைத்திறன் ஏறியது என்று வீடியோ போடுகிறார்களே, பொய்யா?

முழுப் பொய் இல்லை. அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ மாதிரி வண்டிகள், அதிலும் டர்போ இல்லாத பெரிய பெட்ரோல் வி8 நிறைய. பெட்ரோல் இன்ஜினில் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுக்குத்தான் எரிபொருள் போகும், அதனால் காற்றுப் பாதையில் தடை குறைந்தால் உச்ச ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறன் கிடைப்பது நடக்கக்கூடியதே. ஆனால் அந்தச் சோதனையைப் பாருங்கள், டைனோவில் (நின்ற இடத்திலேயே பவரை அளக்கும் உருளை மேடை) போனட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறி ஓடவிட்டு எடுக்கிறார்கள். நாம் போனட்டை மூடிக்கொண்டு தீவு விரைவுச்சாலை நெரிசலில் ஊர்கிறோம்.

டர்போ டீசலில் ஏன் அந்த அளவுக்குப் பலன் இல்லை?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நம் ஆட்கள் ஓட்டும் ஹைலக்ஸ், நவாரா, டிரைட்டன், டி-மேக்ஸ் பெரும்பாலும் டர்போ டீசல்தான்.

டீசலில் பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் அடிக்கிறோம் என்பது. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டீசலைக் கூட்டாதவரை, கூடுதல் காற்று வந்தாலும் அது சும்மா உள்ளே போய் சும்மா வெளியே வரும். அடுத்தது, டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதையும் ஈசியுதான் சென்சாரைப் பார்த்துக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் பாதையை அகலப்படுத்தினால் டர்போ கொஞ்சம் குறைவாகப் பாடுபட்டு அதே அழுத்தத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

சரி, காற்றுக் குளிர்ச்சி? டர்போ காற்றை நசுக்கும்போது அது கொதித்துவிடும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், சாதாரண டர்போவில் சுமார் 130 டிகிரியில் வெளியே வரும். 45 டிகிரியில் போனால் சுமார் 145. பிறகு இன்டர்கூலர், அதாவது அந்தக் காற்றுக்கான ரேடியேட்டர், வெப்பத்தைக் கீழே கொண்டுவருகிறது. அதற்கும் அப்பால் போய்ப் பார்த்தால், நுழைவாயிலில் இருந்த 10 டிகிரி வித்தியாசம் 4 டிகிரி சொச்சமாகச் சுருங்கியிருக்கும். அந்த 4 டிகிரிக்கு எண்ணூறு வெள்ளியா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்டர்கூலரின் முகத்தில் ஒட்டியிருக்கும் பூச்சியையும் மண்ணையும் மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவுவது இலவசம், அதற்கே பலன் அதிகம்.

நீங்கள் போட்டபோது என்ன ஆனது?

கிட்டைக் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் மாட்டினேன். அலுமினியக் குழாய், சிவப்பு கூம்பு ஃபில்டர், மூன்று பக்கம் மட்டும் தகரத் தடுப்பு. மேலே போனட்டோடு ஒட்ட வேண்டிய ரப்பர் விளிம்பு ஓர் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. மாட்டிய தம்பியிடம் கேட்டதற்கு, ஓட ஓட உட்கார்ந்துவிடும் அண்ணே என்றார். உட்காரவே இல்லை.

முதல் வாரம் சொர்க்கம். மிதித்தால் டர்போ விசில் அடிக்கும், விட்டால் புஸ் என்று மூச்சு விடும். வண்டி பறக்கிற மாதிரியே இருந்தது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடும், அதுதான் விஷயம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபோது, பொழுதுபோகாமல் ஓபிடி டாங்கிளை (வண்டியின் சென்சார் கணக்கை ஃபோனில் காட்டும் சின்னக் கருவி) மாட்டி இன்டேக் வெப்பத்தைப் பார்த்தேன். வெளியே 30. ஃபில்டருக்குப் பின்னால் 61. வரிசை நகர்ந்து பாலம் தாண்டி நல்ல வேகம் எடுத்தபிறகும் 40க்குக் கீழே இறங்கப் பத்து நிமிஷம் போல ஆனது, அலுமினியம் இன்ஜின் சூட்டைச் சுலபமாக உள்ளே கடத்தும். பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிய பிறகு இன்னொரு வெள்ளிக்கிழமை அதே வரிசையில் பார்த்தேன், 46தான் வந்தது, நகர ஆரம்பித்ததும் சட்டென்று இறங்கிவிட்டது.

பின்னால் வேக வரம்பு 70 என்று ஸ்டிக்கர் ஒட்டி ஓடுகிற வண்டிக்கு இதெல்லாம் தேவையா என்று என் வீட்டம்மா அப்போதே கேட்டாள். நான்தான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபில்டருக்கு அடுத்து எம்ஏஎஃப் சென்சார் என்று ஒன்று இருக்கும், மெல்லிய சூடான கம்பியை வைத்துக் காற்றை அளக்கும். அது அளப்பது தன் முன்னால் போகும் காற்றின் வேகத்தை ஒட்டித்தான், குழாயின் அகலம் இவ்வளவு என்று ஈசியு ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. உதாரணத்துக்கு 70 மில்லிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் 76 போட்டால் பரப்பளவு 18 விழுக்காடு கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் 15 விழுக்காடு குறைவாகக் கணக்குச் சொல்லும்.

பெட்ரோல் வண்டியில் இது கலவையைக் கெடுத்து இன்ஜின் விளக்கை எரியவைக்கும், பி0171 மாதிரி பிழைக் குறியீடு வரும். டீசலில் வேறு மாதிரி. காற்று குறைவு என்று நம்பும் ஈசியு, புகை வந்துவிடக் கூடாதே என்று டீசலைக் குறைத்துவிடும். அதாவது பெரிய குழாய் போட்டு பவரைக் குறைத்துக்கொள்ளும் புண்ணியம் நமக்கு. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆரின் கணக்கும் அதனோடு சேர்ந்து குழம்பும். ஆகவே கிட் வாங்கும்போது, சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் உங்கள் பழைய குழாயோடு ஒத்துப்போகிறதா என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். பட்டறையில் அளக்க மாட்டோம் என்றால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

எந்த ஃபில்டர் நல்லது: எண்ணெய் தடவிய காட்டன், டிரை, பேப்பர்?

காட்டனைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது ஆசை காட்டும். நான் கழுவியிருக்கிறேன். கழிவறையில் வாளியில் ஊறவைத்து, அலசி, காயவைத்தால் நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி போதாது, மறுநாள் வேலைக்கு வண்டி வேண்டும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடித்தால் பருத்தி சுருங்கிவிடும். பிறகு எண்ணெய் தடவ வேண்டும், கொஞ்சம் கூடிப்போனால் அது பறந்து போய் அந்த எம்ஏஎஃப் கம்பியில் படியும், சென்சார் பொய் பேச ஆரம்பிக்கும். டிரை சிந்தெடிக்கில் அந்தத் தொல்லை இல்லை, கிட்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு அதற்கு.

ஆனால் பெட்டி மேல் எழுதியிருக்கும் விழுக்காட்டை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். ஒன்று 99 விழுக்காடு தூசி பிடிக்கும், இன்னொன்று 97 என்றால் ஏதோ இரண்டுதான் வித்தியாசம் என்று தோன்றும். இன்ஜின் பக்கமிருந்து பாருங்கள்: 100 கிராம் தூசிக்கு ஒன்றில் 1 கிராம் உள்ளே போகிறது, மற்றதில் 3 கிராம், மூன்று மடங்கு. ஐஎஸ்ஓ 5011 என்ற முறையில் சோதித்த முடிவு இருக்கிறதா, எந்த அளவு தூசியில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பெரிய மணல் மாதிரி தூசியை எந்தத் துணியும் பிடிக்கும்.

கட்டுமானத் தளங்களுக்குப் போய் வருகிறவர்கள், ஜோகூரில் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டுகிறவர்கள் பேப்பரிலேயே இருங்கள். அழுக்கானால் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டுங்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் ஒரு டேங்க் டீசலைவிட எவ்வளவோ மலிவு.

மழை, திடீர் வெள்ளம்?

இங்கே வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, 2010இல் ஆர்ச்சர்ட் ரோடே தண்ணீரில் நின்ற ஊர் இது. மழைத்துளி ஃபில்டரில் படுவது பிரச்சினை இல்லை. பிரச்சினை, ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி வைக்கிற கிட்கள். அது உண்மையிலேயே குளிர்ந்த காற்றை இழுக்கும்தான், ஆனால் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். தண்ணீரை நசுக்க முடியாது, பிஸ்டன் மேலே வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது. தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்நார்க்கல் போட்டால் தப்பிக்கலாமா?

ஸ்நார்க்கல் என்பது கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய். அது முழுக்கத் தண்ணீர் புகாதபடி சீல் ஆகியிருந்தால் மட்டும். பாதிப் பேர் போட்டிருப்பது அழகுக்கு, அடியில் பெட்டியோடு சேருமிடத்தில் ஓட்டை. புழுதிப் பாதைக்கு அது நிஜமாகவே உதவும், மேலே தூசி குறைவு.

சட்டப்படி பிரச்சினை வருமா? இன்ஸ்பெக்‌ஷனில் விடுவார்களா?

நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டி மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதியே இல்லாதவை, ஒப்புதல் வாங்கிச் செய்யக்கூடியவை, ஒப்புதல் தேவைப்படாதவை. வாங்கும் முன்பே ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் உங்கள் பொருள் எந்த வகை என்று பாருங்கள். பட்டறைக்காரர் 'எல்லாரும் போடுறாங்க' என்றால் அது அனுமதி ஆகாது, பிடிபட்டால் வரிசையில் நிற்கப்போவது நீங்கள். கிட் பெட்டியில் கார்ப் இஓ எண் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அது கலிஃபோர்னியாவின் காற்றுத்தூய்மை வாரியம் தரும் விலக்கு. அங்கே செல்லும், இங்கே அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

பிக்அப் இங்கே இலகு சரக்கு வாகனம், பத்து வருஷம் வரை வருஷாவருஷம், தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டீசலுக்குப் புகைச் சோதனை உண்டு. 2018க்குப் பிறகு பதிவான டீசல் வண்டி என்றால் யூரோ 6 புகைத் தரம், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் சல்லடை இருக்கும், அதில் விளையாடாதீர்கள். கம்பெனி வண்டியாக இருந்தால் முதலில் தவுக்கேயிடம் (முதலாளி) கேளுங்கள், வண்டி உங்களுடையது இல்லை.

பழைய பெட்டி, குழாய், கிளிப், ஸ்குரூ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வாரன்டி போய்விடுமா? அமெரிக்காவில் போகாது என்கிறார்களே.

அவர்கள் சொல்வது அவர்களுடைய 1975ஆம் வருஷச் சட்டத்தை வைத்து, மேக்னசன்-மாஸ் என்று பெயர். அது சிங்கப்பூருக்கு வராது. இங்கே விற்பனையாளர் கொடுத்த வாரன்டி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், அதைப் படியுங்கள். டர்போவோ எம்ஏஎஃப்போ கெட்டுப்போய் நீங்கள் போய் நிற்கும்போது அவர்கள் கண் முதலில் போகும் இடம் அந்தச் சிவப்பு ஃபில்டர்.

இன்சூரன்ஸ்?

சொல்லிவிடுங்கள். எழுத்தில்.

டீசல் மிச்சமாகுமா?

ஆகாது. விசில் சத்தத்தைக் கேட்பதற்காகவே மிதிப்பீர்கள், கூடத்தான் செலவாகும். எனக்கு ஆனது.

இவ்வளவு சொல்லியும் எனக்கு வேண்டும். எதைப் பார்த்து வாங்க?

வேண்டுமென்றால் வேண்டும்தான், சத்தம் பிடித்திருக்கிறது என்பதும் ஒரு காரணமே, அதை ஒப்புக்கொண்டு வாங்குங்கள். நாலு பக்கமும் மேலேயும் மூடிய பெட்டி இருக்க வேண்டும், அந்தப் பெட்டி பழைய மூக்கு இருந்த அதே இடத்திலிருந்து காற்றை இழுக்க வேண்டும். குழாய் அலுமினியத்தைவிட பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது, அழகு குறைவு, சூடு குறைவு. உங்கள் வண்டியின் இன்ஜினுக்கும் வருஷத்துக்கும் என்றே செய்ததாக இருக்கட்டும், 'யுனிவர்சல்' என்ற சொல்லைப் பார்த்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கென்று செய்த கிட்கள் நமக்குப் பெரும்பாலும் பொருந்தும், அங்கேயும் வலதுபக்க ஸ்டீயரிங், இதே டீசல் பிக்அப்கள். மாட்டியபிறகு ஃபில்டருக்கு அப்பால் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும். துணியில் மண் தெரிந்தால் எங்கோ சீல் விட்டுப்போயிருக்கிறது, அன்றைக்கே கழற்றுங்கள்.

ஒன்றுமே வாங்காமல் என்ன செய்யலாம்?

அதே துணி சோதனையை உங்கள் பழைய பெட்டியில் செய்யுங்கள். கிளிப் எல்லாம் பூட்டியிருக்கிறதா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸில் அவசரத்தில் ஒரு கிளிப்பை விட்டுவிடுவது சகஜம், என் வண்டியிலேயே ஒருமுறை அப்படி இருந்தது. 3,400 ஆர்பிஎம்மில் 2.4 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமலேயே நிமிஷத்துக்கு 4,000 லிட்டர் காற்றை விழுங்கும், டர்போவோடு இரண்டு மடங்கு, அந்தச் சின்னச் சந்து வழியாக எவ்வளவு தூசி போகும் பாருங்கள். ஃபில்டர் அடைத்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஃபில்டருக்குப் பின்னால் மாட்டுகிற ரெஸ்ட்ரிக்‌ஷன் கேஜ் என்று சின்னக் கருவி கிடைக்கிறது, மஞ்சள் முள் ஏறினால் மாற்று, ஏறாவிட்டால் விடு.

நீங்கள் கழற்றிய கிட்டை விற்பீர்களா?

ஸ்டோர்ரூமில் கிடக்கிறது, இரண்டு கிளாம்ப் குறையும், ரப்பர் விளிம்பு அதே விரல் இடைவெளியோடு இருக்கிறது. பாதி விலைக்குத் தரலாம். வரும்போது உங்கள் எம்ஏஎஃப் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு வாருங்கள், ஒத்துப்போகவில்லை என்றால் நானே தர மாட்டேன்.